மூவரில் ஒருவர்

தேஜ்பூரிலிருந்து தவாங்குக்கு ஏறும் மலைச்சாலை சேலா கணவாயைக் கடந்து கீழே இறங்கும் வழியில், ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் ஜஸ்வந்த்கட் இருக்கிறது. 1962 நவம்பர் 17 அன்று சீனப் படையோடு நடந்த நூராநாங் சண்டையில் உயிர்விட்ட ரைபிள்மேன் ஜஸ்வந்த் சிங் ராவத்தின் நினைவிடம் அது. கார்வால் மலைநாட்டுக்காரர். 1941 ஆகஸ்டில் பிறந்தவர். இறந்தபோது வயது 21. நினைவிடத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. அவருக்கென்று கட்டிலும் போர்வையும் இருக்கின்றன. சீருடை தேய்த்து வைக்கப்படுகிறது, பூட்ஸுக்குப் பாலிஷ் போடப்படுகிறது, விடியற்காலையில் தேநீரும் பிறகு வேளாவேளைக்குச் சாப்பாடும் படைக்கப்படுகின்றன. அவ்வழியே போகும் லாரி ஓட்டுநர்கள், சுற்றுலாப் பயணிகள், படைவீரர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்தி வணங்குகிறார்கள். ராணுவத்தினர் அவர்களுக்குச் சூடாகத் தேநீர் தருகிறார்கள். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் அங்கே இறங்காமல் போவதில்லை என்பது அந்தச் சாலையின் வழக்கு.

அங்கே சொல்லப்படும் கதை இது. பின்வாங்கும்படி பட்டாலியனுக்கு உத்தரவு வந்த பிறகும் ஜஸ்வந்த் சிங் மட்டும் நகரவில்லை. அப்பகுதி மலைமக்களான மோன்பா இனத்தின் சேலா, நூரா என்ற இரண்டு பெண்கள் துணைக்கு நின்றார்கள். அவர் பங்கர் மாற்றிப் பங்கர் ஓடிச் சுட்டதில், எதிரே ஒரு பட்டாளமே இருக்கிறது என்று சீனர்கள் நம்பிவிட்டார்கள். 72 மணி நேரம் தனியாளாக நின்று 300 பேரை வீழ்த்தினார். சாப்பாடு கொண்டுவந்தவர் பிடிபட்டு உண்மையைச் சொன்ன பிறகுதான் அவரைச் சுற்றி வளைக்க முடிந்தது. ஆத்திரத்தில் அவர் தலையை வெட்டிக்கொண்டு போன சீனத் தளபதி, போர் முடிந்ததும் அந்த வீரத்துக்குத் தலைவணங்கி, ஒரு வெண்கலச் சிலையோடு அதைத் திருப்பி அனுப்பினார். கதை இப்படிப் போகிறது. 2019-இல் வெளிவந்த இந்திப் படம் ஒன்று அந்த 72 மணி நேரத்தையே தலைப்பாக வைத்துக்கொண்டது.

விருதுக் குறிப்புகள் சொல்வது வேறு. அன்று நான்காவது கார்வால் ரைபிள்ஸ் பட்டாலியன் சீனத் தாக்குதல்களை அடுத்தடுத்து முறியடித்தது. பிறகு எதிரியின் நடுத்தர இயந்திரத் துப்பாக்கி ஒன்று மிக அருகில் வந்து அமர்ந்து, இந்திய நிலையைத் துளைக்கத் தொடங்கியது. அதை அடக்க மூன்று பேர் தாமாக முன்வந்தார்கள்: லான்ஸ் நாயக் திரிலோக் சிங் நேகி, ரைபிள்மேன் ஜஸ்வந்த் சிங் ராவத், ரைபிள்மேன் கோபால் சிங் குசாயின். திரிலோக் சிங் ஸ்டென் துப்பாக்கியால் சுட்டு மறைப்புக் கொடுக்க, மற்ற இருவரும் தவழ்ந்து போய்க் கையெறி குண்டு வீசும் தூரத்தை எட்டினார்கள். துப்பாக்கி கைப்பற்றப்பட்டது. திரும்பும் வழியில் திரிலோக் சிங்கும் ஜஸ்வந்த் சிங்கும் கொல்லப்பட்டார்கள். காயம்பட்ட கோபால் சிங் அந்தத் துப்பாக்கியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜஸ்வந்த் சிங்குக்கு மகாவீர் சக்ராவும் மற்ற இருவருக்கும் வீர் சக்ராவும் அளிக்கப்பட்டன. பட்டாலியனுக்கு 'நூராநாங்' என்ற போர்ச்சிறப்புப் பெயர் கிடைத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதையின் தையல்கள் தெரிகின்றன. எதிரித் தரப்பில் 300 பேர் இறந்தோ காயம்பட்டோ விழுந்தார்கள் என்பது அன்றைய சண்டை முழுவதற்கும் இந்தியத் தரப்பு சொல்லும் கணக்கு. அது காலப்போக்கில் ஒரே ஆளின் கணக்கில் ஏறிவிட்டது. அந்தப் போர் முழுவதிலும் தன் தரப்பில் இறந்தவர்கள் 722 பேர் என்பது சீனா சொல்லும் எண்ணிக்கை. வெற்றி பெற்றவனின் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் அதில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரு ரைபிள்மேன் பெயரில் எழுதுவதற்கு முன் யாரும் ஒருகணம் நிதானிப்பார்கள். நவம்பர் 18 அன்றே நூராநாங்குக்குத் தெற்கே, அதே சாலையில் இருந்த சேலா சீனர் கைக்குப் போய்விட்டது. போம்டிலாவும் அன்றே விழுந்தது. ஒருவர் 72 மணி நேரம் அந்தச் சாலையை மறித்து நின்றார் என்பதோடு இந்தத் தேதிகள் இசையவில்லை.

ஆனால் கதை நடந்ததா இல்லையா என்பது வரலாற்றாசிரியர் தீர்க்க வேண்டிய வழக்கு. அறம் பற்றிய கேள்வி அதற்கு அப்பால் தொடங்குகிறது. இறந்துபோன ஓர் இளைஞனின் பெருமைக்காக அவன் செய்யாததையும் செய்ததாகச் சொன்னால் அதில் யாருக்கு என்ன கெடுதல்? அவனுக்குப் பெருமை, கேட்பவனுக்குத் தெம்பு, நாட்டுக்கு ஒரு நாயகன். நன்மை பயக்கும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம் என்று நம் அறநூலே விலக்குத் தந்திருக்கிறது. அந்த விலக்குக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: நன்மையில் குற்றம் கலந்திருக்கக் கூடாது. நூராநாங் கதை அந்த நிபந்தனைக்குள் அடங்குகிறதா என்பதைத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் கதையின் பக்கத்து நியாயம். அதை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் குளிர்காலத்தில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டியிருக்க மாட்டார்கள். 13,700 அடி உயரக் கணவாய், பனி, மூடுபனி, கீழே பாதாளம். 2024 மார்ச்சில் சேலா சுரங்கப்பாதை திறக்கும் வரை அதுதான் வழி. அங்கே இரவுக் காவல் நிற்கும் சிப்பாய்க்கும் ஊரிலிருந்து பல நூறு மைல் தள்ளி லாரி ஓட்டுபவனுக்கும், தனக்கு முன்னால் இங்கே நின்ற ஒருவன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு பெரும் துணை. காவலில் கண்ணயர்பவனை ஜஸ்வந்த் பாபா தட்டி எழுப்புவார் என்று நம்புகிறவன் விழித்திருக்கிறான். அந்த நம்பிக்கையிடம் போய்ச் சான்று கேட்பது பண்பாகாது.

படுக்கை விரிப்பதும் தேநீர் வைப்பதும் யாரையும் ஏமாற்றும் செயல்கள் அல்ல. காலையில் கோப்பை காலியாகியிருக்கும் என்று எதிர்பார்த்து யாரும் அதை வைப்பதில்லை. கார்வாலில் ஒரு தாய் செய்திருக்க வேண்டியதை, பக்கத்தில் இருப்பவர்கள் அவள் சார்பில் செய்கிறார்கள். போரில் மடிந்த இளைஞனுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பதக்கத்தோடு தீராது என்ற உணர்வு அந்தச் சடங்கில் இருக்கிறது. இவ்வளவும் கதையின் வரவுப் பக்கம், கணிசமான வரவுதான்.

இதில் தமிழ் வாசகருக்குப் பழக்கமான ஒரு மரபும் துணைக்கு வருகிறது. சாலையோரத்திலும் ஊர் எல்லையிலும் மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, மயிற்பீலி சூட்டி, கள் படைத்து வணங்கியவர்கள் நாம். அதற்கான சடங்குகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்தியே சொல்கிறது. வீரனைத் தெய்வமாக்குவது நமக்குப் புதிதல்ல. அது பிழை என்றும் நம் முன்னோர் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கற்களில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். செங்கம் வட்டார நடுகற்களில் பல்லவர் காலத்து எழுத்துக்கள் ஏறத்தாழ ஒரு படிவம் போல அமைந்திருக்கின்றன: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்த மாட்டு மந்தைக்காகப் பட்டான், பெயர் என்ன. ஆயிரம் பேரைக் கொன்றான் என்று இல்லை. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல் கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்டது. கள்வரோடு போராடிய அவனுடைய நாய் கோவிவனும் அதில் பெயரோடும் உருவத்தோடும் இருக்கிறது. வணங்குவதற்கு உருவம், அறிவதற்கு எழுத்து. ஒரே கல்லில் இரண்டுக்கும் இடம் இருந்தது. எழுத்து அளவோடு நின்றதால் வழிபாடு குறைந்துவிடவில்லை. பக்தி வேண்டுமானால் மிகைப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்ற வாதம் அந்தக் கற்களிடம் நிற்காது.

இனி செலவுப் பக்கம். கதையால் முதலில் இழந்தவர்கள் கூடப் போன இருவர். மறைப்புக் கொடுத்து மடிந்த திரிலோக் சிங் கதைக்குள் இல்லை. தனியாள் என்ற சொல் வந்தவுடன் அவர் வெளியேறியாக வேண்டும். கோபால் சிங்கின் நிலை இன்னும் சங்கடமானது. மூவரில் பிழைத்து வந்தவர் அவர் ஒருவரே. மற்ற இருவரின் கடைசி நிமிடங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரும் அவரே. தனி ஆளாக 72 மணி நேரம் நின்றதாகச் சொல்லும் கதைக்கு, உயிரோடு திரும்பிய சாட்சி ஒருவர் இருப்பது இடைஞ்சல். உடம்பில் காயத்தோடு ஓர் இயந்திரத் துப்பாக்கியை மலைச்சரிவில் இழுத்து வந்தது, எந்த நாட்டுப் படையிலும் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் செயல். செத்திருந்தால் ஒருவேளை அவருக்கும் ஒரு சிலை இருந்திருக்கும். வீரத்தை மரணத்தால் மட்டுமே அளக்கும் பழக்கம் இங்கே ஒரு நல்ல மனிதனின் பங்கைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. போரில் பக்கத்தில் நின்றவனை விட்டுவிட்டு வராதே என்பது படையின் முதல் ஒழுக்கம். கதை அந்தக் கைவிடலைத்தான் ஜஸ்வந்த் சிங்கைச் செய்ய வைக்கிறது. அவர் கேட்காமலே, அவர் பெயரால், அவருடைய தோழர்கள் கைவிடப்படுகிறார்கள்.

அடுத்து அந்த இரண்டு பெண்கள். சேலா கணவாய்க்குப் போருக்கு அரை நூற்றாண்டு முன்பே அந்தப் பெயர் உண்டு. நூராநாங்கும் ஏற்கெனவே இருந்த இடப்பெயர். கணவாய்க்குப் பெண்ணின் பெயர் வந்ததாகக் கதை சொல்கிறது. பெண்களுக்குத்தான் நிலத்தின் பெயர்கள் வைக்கப்பட்டன என்று தோன்றுகிறது. அப்படி இருவர் உண்மையிலேயே இருந்திருந்தால், அவர்களுடைய சொந்தப் பெயரும் ஊரும் குடும்பமும் தொலைந்துபோயின. இல்லாமலிருந்தால், சாலை இல்லாத மலையில் படைகளுக்கு மூட்டை சுமந்த, வழி காட்டிய, படை பின்வாங்கியபோது வீட்டைப் போட்டுவிட்டு ஓடிய உண்மையான மலைமக்களின் இடத்தில் கற்பனைப் பெண்கள் நிற்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் மோன்பாக்களுக்குக் கிடைப்பது இன்னொருவரின் வீரக்கதையில் துணைப்பாத்திரம். அந்தப் போர் நடந்தது அவர்களுடைய கொல்லையில்.

மூன்றாவது செலவு எல்லாவற்றிலும் கனமானது. 1962-இல் அன்றைய நெஃபாவுக்கு (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்) அவசரமாக அனுப்பப்பட்ட படைகளில் பல, மலைக்குளிருக்குப் போதாத உடையோடும் கான்வாஸ் காலணியோடும், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடும் .303 ரைபிளோடும் போயின. தாக்குதல் தொடங்கியது அக்டோபர் 20. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவியிழந்து, நவம்பர் 7-க்குள் அமைச்சரவையை விட்டே வெளியேறினார். சேலாவில் நிலைகொண்டு போரிட வேண்டிய படையணி, நவம்பர் 17 இரவில் தொடங்கிய குழப்பமான பின்வாங்கலில் சிதறியது. அதன் தளபதி பிரிகேடியர் ஹோஷியார் சிங்கும் அந்தப் பின்வாங்கலில்தான் கொல்லப்பட்டார். இந்திய அரசுக் கணக்குப்படி போர் முழுவதிலும் இறந்தவர்கள் 1,383 பேர். காணாமல் போனவர்கள் 1,696 பேர். என்ன தவறு நடந்தது என்று லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் ஆராய்ந்து 1963-இல் கொடுத்த அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. அதன் பொருள் இன்றைய ராணுவச் செயல்பாட்டுக்கும் தொடர்புடையது என்று 2010-இல் நாடாளுமன்றத்தில் விளக்கம் சொல்லப்பட்டது. 2014-இல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அதில் ஒரு பகுதியை வெளியிட்ட பிறகும் அரசின் நிலை மாறவில்லை.

அறிக்கை பூட்டுக்குள் இருக்க, அந்தக் கதை மட்டும் சாலையோரத்தில் யாவரும் கேட்கத் திறந்து கிடக்கிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். ஒரு தனி ஆள் ஒரு படையை மூன்று நாள் தடுக்க முடியும் என்றால், ஒரு படைப்பிரிவு ஏன் ஒரு நாள்கூட நிற்கவில்லை என்ற பழி மற்றச் சிப்பாய்களின் தலையில் விழுகிறது. போதிய தோட்டா ஏன் இல்லை, உத்தரவு ஏன் தெளிவாக இல்லை, மேலே இருந்தவர்கள் ஏன் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்ற கேள்விகள் பின்னால் போகின்றன. தோற்ற போருக்கு வெல்ல முடியாத ஒரு நாயகன் கிடைத்துவிட்டால், தோல்விக்குப் பொறுப்பானவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். நன்மையில் கலந்திருக்கும் குற்றம் இதுதான்.

நான்காவது, இறந்தவருக்கே இழைக்கப்படும் ஒன்று. அவர் இன்னும் காவலில் இருக்கிறார் என்பது கதையின் உயிர்நாடி. இறந்த பிறகும் பதவி உயர்வு வந்தது என்கிறார்கள். எந்தப் பதவி வரை என்பதில் ஆளுக்கொரு கணக்கு. சிக்கிமில் நாதுலா அருகே 1968-இல் பணியில் இறந்த பாபா ஹர்பஜன் சிங்கைச் சுற்றியும் இதே போன்ற வழிபாடு உண்டு. ஆனால் அவருக்கு ஆண்டுதோறும் விடுமுறை விடப்பட்டது. அவருடைய பெட்டியை வீரர்கள் ரயிலில் பஞ்சாபில் இருக்கும் ஊருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள்; பின்னாளில் அந்த வழக்கம் நின்றது. வினோதமாகத் தோன்றினாலும் அந்தச் சடங்கை ஏற்படுத்தியவர்களுக்கு ஒன்று புரிந்திருந்தது: சிப்பாய்க்கு வீடு என்று ஒன்று உண்டு. 21 வயதில் முடிந்த ஒரு வாழ்க்கையில் என்ன போனது என்று நினைக்க வேண்டிய இடத்தில், எதுவும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறார் என்று சொல்வது ஆறுதலாக இருக்கலாம். இழப்பை இழப்பு என்று ஒப்புக்கொள்ளாத ஆறுதல், அடுத்து அதே இடத்துக்கு அனுப்பப்படும் 21 வயதுக்காரனின் உயிரையும் சற்றே மலிவாக்கிவிடும். சாவே இல்லை என்று ஆகிவிட்டால், சாகக் கொடுப்பதற்குத் தயங்க என்ன இருக்கிறது?

இதற்கெல்லாம் வலுவான ஒரு மறுப்பு உண்டு. சண்டையைப் பார்க்காதவர்களுக்கு, சூடான அறையில் உட்கார்ந்து, சண்டையில் செத்தவனின் கதையைத் திருத்த என்ன உரிமை? அவருடைய ஊரும் ரெஜிமெண்டும் அந்தக் கதையோடு வாழ்கின்றன. அதில் கைவைத்தால், இவ்வளவுதானா என்று அவரைக் குறைத்துப் பேச ஒரு கூட்டம் தயாராக இருக்கும். இந்த அச்சம் நியாயமானது. கட்டுக்கதையை உடைப்பதில் ஒருவித அற்ப மகிழ்ச்சி அடைபவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மாண்டவர் மீது மரியாதை கிடையாது.

ஆனால் அந்த ஆபத்தை உண்டாக்கியதே மிகைதான். 72 மணி நேரமும் 300 தலைகளும் ஒருவரின் பெருமைக்கு அடித்தளம் ஆகிவிட்டால், அந்த எண்களில் ஒன்று சரிந்த அன்று அவரும் சேர்ந்து சரிவார். விருதுக் குறிப்பு சொல்லும் செயலுக்கு அப்படிச் சரிய இடமில்லை. சுட்டுக்கொண்டே இருக்கும் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி, யாரும் கட்டாயப்படுத்தாமல், திரும்பி வருவது சந்தேகம் என்று தெரிந்தே, மார்பால் ஊர்ந்து போனார் ஒரு 21 வயது இளைஞர். அதை அற்பம் என்று நினைக்கிற காதுக்காகத்தான் கதை ஊதிப் பெருக்கப்பட்டது. அப்படியானால் குறை கேட்கிற காதில் இருக்கிறது. அதற்கு ஏற்றபடி இறந்தவரை வளைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இறந்தவரால் மறுத்துப் பேச முடியாது என்பதாலேயே, அவரைப் பற்றிப் பேசுகையில் உயிரோடு இருப்பவரைவிடக் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது.

எனவே எடை இப்படி விழுகிறது. சடங்கும் கூற்றும் இரண்டு வெவ்வேறு பொருள்கள். அவற்றை ஒரே தராசில் வைக்கக் கூடாது. படுக்கையை விரிக்கட்டும், தேநீர் வைக்கட்டும், ஓட்டுநர்கள் கைகூப்பட்டும். அது அன்பின் மொழி. அதற்கு ஆதாரம் கேட்பது மடமை. அரசும் ராணுவமும் பாடநூலும் சினிமாவும் 'இது நடந்தது' என்று சொல்லும்போது மட்டும் வேறு விதி. அங்கே பதிவுக்கு மேல் ஒரு நாழிகையும் கூடக் கூடாது. பேசத் தெரியாத நாய்க்கும் கல்லில் பெயர் கொடுத்த மரபுக்காரர்களுக்கு இதில் ஐயம் இருக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் இது பெரிய காரியமும் அல்ல. அதே சாலை போய்ச் சேரும் தவாங்கில், ஸ்தூபி வடிவில் எழுப்பிய 40 அடி உயரப் போர் நினைவகம் ஒன்று இருக்கிறது. அந்த எல்லைப் பகுதியில் மாண்ட 2,420 பேரின் பெயர்கள் பொறித்த இடம் அது. எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று அங்கே யார் பெயருக்கும் பக்கத்தில் எண் தேவைப்படவில்லை. ஜஸ்வந்த்கட்டில் நின்று தேநீர் குடிக்கும் பயணிக்கு மூவரின் கதையை மூவரின் கதையாகவே சொல்லலாம். மறைப்புக் கொடுத்தவர் யார், குண்டு வீசியவர் யார், துப்பாக்கியை இழுத்து வந்தவர் யார் என்று சொன்னால் கேட்பவருக்கு நெஞ்சு இன்னும் விம்மும். ஏனென்றால் அது மனிதரால் செய்ய முடிந்த செயல். தெய்வத்தைக் கண்டு வியந்துவிட்டுப் போய்விடலாம். தன்னைப் போன்ற ஒருவன் இதைச் செய்தான் என்று தெரியும்போதுதான், அவனை ஏன் அங்கே அனுப்பினார்கள், என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு 1963-இலேயே எழுதப்பட்ட பதிலைத் திறந்து காட்டுவதுதான், ஓர் அரசு அந்த நினைவிடத்தின் முன் வைக்கக்கூடிய நேர்மையான மலர்வளையம்.